முப்பத்தொன்பது வெட்டு

கவிமன்றத்துச் சட்டத்தில் மூன்றாவது விதி இது: பொறாமை இல்லாதவரே இம்மன்றத்தில் உறுப்பினர் ஆகலாம். சேரும் நாளன்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று, கையை நெஞ்சில் வைத்து, தனக்குப் பொறாமை இல்லை என்று மூன்று தடவை சத்தியம் செய்வார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் பொறாமை கிடையாது. விதியே சொல்லிவிட்ட பிறகு எங்கிருந்து வரும்?

நான் அந்தக் கட்டடத்தின் பின்னறையில் புத்தகம் தைக்கிறவள். என் வீட்டுக்காரர் பசை காய்ச்சுகிறவர். அவருக்குக் கண் பார்வை போய் எட்டு வருஷம் ஆகிறது. மாவு வேகும் வாசனையை வைத்தே பதம் சொல்லிவிடுவார். வேலை செய்கிற அறைதான் எங்களுக்கு வீடும். எங்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. பின்னறைக்காரர்கள் பொறாமைப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல. அது பின்னால் எங்கள் தலையில் வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

மன்றத்தின் பெருமை எல்லாம் ஒரே ஒரு புத்தகம். நாற்பது இருக்கை, நாற்பது கவிஞர், ஆளுக்கொரு கவிதை, கவிதைக்கொரு தாள், அவரவர் கையாலேயே எழுதியது. பத்து வருஷத்துக்கு முன் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, இரட்டை நூலால் தைத்துத் தோல் அட்டை போட்டது நான்தான். முடித்த அன்றே செயலாளர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பேழையில் பூட்டினார். இனிமேல் இதைத் திறந்து பார்க்கும் தகுதி உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்றார். தைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு தைத்தேன் என்று நினைத்திருப்பார்.

நாற்பதாவது இருக்கைக்காரர் புத்தகம் தைத்த மாதமே இறந்துபோனார். அந்த இடத்துக்கு யார் என்பதில் மற்ற முப்பத்தொன்பது பேரும் பத்து வருஷமாக ஒத்துப்போகவில்லை. பொறாமையால் அல்ல, தரம் பார்க்கிறார்களாம்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் ஒரு வாரம் வாசிப்பு வாரம். அந்த வாரம் பேழைச் சாவி அவரிடம் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து மற்றவர்களுடைய கவிதைகளை அனுபவிக்க வேண்டும். வெளியே வரும்போது சிலர் முகம் சிவந்திருக்கும், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கவிதை அப்படிப்பட்டது போலிருக்கிறது என்று நான் வீட்டுக்காரரிடம் சொல்வேன். ஆண்டு விழாவில் மன்னர் முன்னால் பேழையைத் திறப்பார்கள். அவர் அட்டையைப் பார்த்துத் தலையசைப்பார். மூடிவிடுவார்கள்.

இந்த வருஷம் மன்னருக்கு என்ன தோன்றியதோ, ஏதாவது ஒரு கவிதையைப் படியுங்களேன், கேட்கலாம் என்றார். சபையில் முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

மன்றத் தலைவர் புத்தகத்தைத் திறந்து தன் கவிதையைப் படித்தார். நீளமான கவிதை. மன்னர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நன்றாயிருக்கிறது, இன்னொன்று என்றார். தலைவர் தாளைப் புரட்டினார். அடுத்த தாள் இல்லை. முன்னால் புரட்டினார், அங்கேயும் இல்லை. இரண்டு அட்டைக்கும் நடுவில் தலைவருடைய ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலையே செயலாளர் விசாரணையைத் தொடங்கி, மாலையே முடித்தும் விட்டார். என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

“உறுப்பினர் எவரும் இதைச் செய்திருக்க இயலாது. செய்வதற்குப் பொறாமை வேண்டும். பொறாமையை நம் மூன்றாம் விதி அறவே நீக்கிவிட்டது. ஆகவே இது சத்தியம் செய்யாத ஒருவரின் செயல். சத்தியம் செய்யாதவர்கள் இந்தக் கட்டடத்தில் இருவர் மட்டுமே. அவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். தர்க்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பேழைச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை என்றேன். அது என் சாமர்த்தியத்தைத்தான் காட்டுகிறது என்று எழுதிக்கொண்டார்கள். மன்றத்து நூலைச் சிதைத்தால் ஏழு வருஷம் கோட்டைச் சிறை. நான் உள்ளே போனால் பின்னறையைக் காலி செய்துவிடுவார்கள். பார்வையில்லாத மனுஷர் பசைச் சட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அழுகை வந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம்தான் வந்தது.

அப்போது எழுந்தவர் மழைக்கவி. நாட்டிலேயே பெயர் பெற்ற கவிஞர் அவர்தான். ஒரு தடவை அவர் பாடி முடித்ததும் மழை பெய்ததாம். அது மழைக்காலம்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. அவருக்குத் துப்புத் துலக்குவதில் ஒரு பித்து. மன்றத்து மணியின் நாக்கு காணாமல் போனபோது, அதைச் செயலாளர் வீட்டு அம்மா இஞ்சி நசுக்க வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சுவரில் எழுதப்பட்ட வசைப்பாட்டை, எதுகையை வைத்தே இன்னாருடையது என்று பிடித்ததும் அவரே. பத்து நாள் கொடுங்கள், நான் விசாரிக்கிறேன் என்று அவர் கேட்டபோது மறுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மன்னருக்கு அவரைப் பிடிக்கும்.

கூடம் காலியானதும் அவர் என் பக்கத்தில் வந்து, “பயப்படாதம்மா. நீ இதப் பண்ணலன்னு எனக்குத் தெரியும்” என்றார். பெரிய மனுஷர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கு உயிர் வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

பத்து நாளில் முதல் இரண்டு நாள், காணாமல் போன தாள்களுக்கு இரங்கல் உரை. மூன்றாம் நாள், இரங்கல் உரைகளில் சிறந்தது எது என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு. நான்காம் நாள், அந்தக் குழுவின் முடிவை எதிர்த்து முப்பத்தெட்டு மனு. இது எல்லாவற்றுக்கும் நான் கைகட்டி நிற்க வேண்டும். குற்றவாளி இல்லாமல் இரங்கல் கூட்டம் சோபிக்காது என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் மழைக்கவி ஒரு யோசனை சொன்னார். தாள்கள் எங்காவது கிடைத்தால் அடையாளம் தெரிய வேண்டுமே, ஆகவே உறுப்பினர்கள் புத்தகத்தில் இருந்த கவிதைகளை நினைவிலிருந்து சொல்லட்டும் என்றார். ஒவ்வொருவராக எழுந்து அவரவர் கவிதையைச் சொன்னார்கள். அடுத்தவர் கவிதையில் ஒரு வரிகூட எவருக்கும் ஞாபகம் இல்லையாம். பத்து வருஷம், பத்து வாசிப்பு வாரம், ஒரு வரி இல்லை. பூட்டிய அறைக்குள் இவர்கள் என்னதான் செய்தார்கள் என்று நான் விழித்தேன்.

வாய் தவறியது ஒருவருக்குத்தான். குண்டாக ஒருவர் இருந்தார், எல்லோரும் அவரைப் பீப்பாய் என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் கவிதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “ஐந்தாம் அடி அப்படி இல்லையே, நீர் எழுதியது இப்படி அல்லவா” என்று பீப்பாய் திருத்தினார். திருத்தியதோடு விடாமல், இது ஒரு கவிதையா என்று திட்டிக்கொண்டே கடைசி அடிவரை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். ஒப்பித்து முடித்த பிறகுதான் கூடம் அமைதியாக இருப்பது அவருக்கு உறைத்தது.

மழைக்கவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அன்று மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, “ஒரு தாளை வெட்டினா என்னம்மா மிஞ்சும்?” என்று கேட்டார்.

தையலைப் பிரிக்காமல் தாளை எடுத்தால், தையலோடு சேர்ந்து ஒரு விரல் அகல விளிம்பு நின்றுவிடும். முப்பத்தொன்பது தாளுக்கும் விளிம்பு நின்றது. ஒன்றொன்றாக விரித்துக் காட்டினேன். இது சவரக்கத்தி. இது கத்தரிக்கோல், அதுவும் நகம் வெட்டுகிற கத்தரிக்கோல், படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கிறது. இது எச்சில் தொட்டு ஈரமாக்கிக் கிழித்தது. இந்த ஆளுக்குக் கத்தி கிடைக்கவில்லை, நகத்தாலேயே கீறியிருக்கிறார், பாவம். ஒரே திருடி என்றால் ஒரே கை, ஒரே கத்தி இருக்கும். இங்கே கைக்கொரு விதமாக இருந்தது.

மழைக்கவி எண்ணினார். முப்பத்தொன்பது உறுப்பினர், முப்பத்தொன்பது வெட்டு. ஆளுக்கு ஒன்று.

விஷயம் அவ்வளவுதான். வாசிப்பு வாரத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத ஒரே ஒரு தாளை எடுத்திருக்கிறார். அதாவது, தனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரே ஒரு தாளை. நாற்பதில் ஒன்று போனால் யாருக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அடுத்தவர் எடுத்தது கண்ணில் பட்டாலும் வாய் திறக்க முடியாது, தன் மடியில் கனம்.

சந்தோஷத்தில் மழைக்கவிக்குக் கை பரபரத்தது. எழுதிக்கொள்ள என் மேஜையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து இறகுப் பேனாவை இடது கையால் சீவினார். நான் அந்தச் சீவலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கமாகச் சரிந்து, முடிகிற இடத்தில் லேசாக வளைந்தது. பதினேழாம் விளிம்பைப் பார்த்தேன். அதே சரிவு, அதே வளைவு. இருபது வருஷமாகத் தாள் வெட்டிப் பிழைக்கிறவளுக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பதினேழாம் தாள், இறந்துபோன நாற்பதாவது இருக்கைக்காரர் எழுதியது; தாள்களை இருக்கை வரிசையில் நான் அடுக்கவில்லை. எட்டே அடி. மழையில் நனைந்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழியும் ஒருத்தியைப் பற்றியது. தைக்கும்போது நான் அதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வேறு எந்தத் தாளுக்கும் அப்படி இருக்கவில்லை.

“ஐயா, பதினேழையும் பாத்துடுங்க” என்றேன்.

அவர் பார்த்தார். கத்தியை மடக்கினார். எழுந்து போய்விட்டார். நீ பண்ணவில்லை என்று முதல் நாளே எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு எனக்கு அப்போது பதில் கிடைத்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பசையைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. “விசாரணை அன்னிக்கு அந்த ஆளு வாயத் திறப்பாரா?” என்றார். தெரியாது என்றேன். ஒரு பெரிய மனுஷருடைய மானத்துக்கும் என் ஏழு வருஷத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு விரல் அகலக் காகிதம்.

பத்தாம் நாள் விசாரணையில் மழைக்கவி அருமையாகப் பேசினார். விளிம்புகளைத் தலைவர் முன் விரித்து வைத்து, கத்தி, கத்தரி, நகம், எச்சில் என்று வரிசையாக விளக்கினார். பீப்பாய் ஒப்பித்ததையும் சொன்னார். பதினாறு முடிந்ததும் பதினெட்டுக்குப் போனார்.

“ஐயா, பதினேழு விட்டுப்போச்சு” என்றேன்.

குற்றவாளி பேசக் கூடாது என்று செயலாளர் அதட்டினார். மழைக்கவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், சட்டைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பில் மை தேய்ந்துபோயிருந்தது. எத்தனை தடவை பிரித்துப் படித்தாரோ.

“இதை வெட்டியவன் நான். படித்த பிறகு ஒரு வருஷம் எனக்கு ஒரு வரி வரவில்லை. செத்தவன்மேல் பொறாமைப்பட்டேன். இந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், தேவைப்படும் என்று தோன்றியது.

தலைவர் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

“என் தாளை மட்டும் ஒருத்தர்கூட எடுக்கலையா?” என்றார்.

அந்தக் கூடத்தில் பத்து வருஷத்தில் நான் கேட்ட ஒரே மனுஷப் பேச்சு அது. தாள்கள் வருஷா வருஷம் குறைவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன்னுடையதைத் தொடாமல் விட்டது மரியாதையால் என்று நினைத்திருக்கிறார். மழைக்கவி சொன்னதை ஒப்புக்கொண்டால், முப்பத்தொன்பது பேரும் திருடர்கள் என்று ஆவதைவிட, அவர் கவிதை திருடக்கூட லாயக்கில்லாதது என்று ஆகிவிடும். அதை எந்தத் தலைவர் ஒப்புக்கொள்வார்?

கால் மணி நேரம் செயலாளரோடு காதில் பேசினார். பிறகு தீர்ப்பு வந்தது.

“மழைக்கவி அவர்கள் சற்று முன் நிகழ்த்தியது, செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றிப் பாடும் உயர்ந்த கவிதை உத்தி. மன்றத்தில் கவிஞர் கூறுவது கவிதையே ஆகும், சாட்சியம் ஆகாது. அக்கவிதைக்கு இந்த ஆண்டின் தங்கப் பதக்கம் வழங்கப்படுகிறது. நூலைப் பொறுத்தவரை, தாள்களை எடுத்தவர் எவருமில்லை. ஆயினும், எடுத்தால் விளிம்பு நிற்குமாறு தைத்து, எடுக்கப்பட்டது போன்ற தோற்றத்தை உண்டாக்கிய குற்றம் தைத்தவரையே சாரும்.”

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பதக்கத்தை மழைக்கவி கழுத்தில் போட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதுவும் அடுத்த கவிதையோ என்று பயந்து எழுத்தர் குறித்துக்கொண்டார். எனக்கு விதித்தது இது: முப்பது நாளுக்குள் புத்தகம் பழையபடி முழுதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டை. இல்லாத தாளுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். அது தொழில்நுட்பக் கேள்வி, மன்றம் அதில் தலையிடாது என்றார்கள். நல்ல மரியாதை.

மூன்றாம் நாள் மத்தியானம் பீப்பாய் என் ஜன்னலோரம் வந்தார். குதிரை லாயத்துப் பக்கம் நடந்துபோனபோது காலில் ஒரு தாள் தட்டியதாம். சுருக்கம் இல்லை, தூசி இல்லை, ஓரத்தில் வாசனைத் தைலம்கூடப் பூசியிருந்தது. அடுத்து வந்தவருக்குச் சோப்புக் கட்டி சுற்றிவந்த காகிதமாகக் கிடைத்ததாம். ஒருவர் வீட்டுக் கூரையில் பறவை கொண்டுவந்து போட்டது. இன்னொருவர் கதை சொல்லச் சோம்பல்பட்டு, தாளை வைத்துவிட்டு ஓடினார். தாள் முழுதாகச் சேராவிட்டால் மன்னர் வேறு யாரையாவது விசாரிக்கச் சொல்வார் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், எல்லோரும் திருப்பிக் கொடுத்துத் தான் எடுத்த தாள் மட்டும் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்பது. செயலாளர் கொண்டுவந்தது அவருடைய சொந்தக் கவிதையையே. வாசிப்பு வரிசையில் கடைசி ஆள் அவர். அவர் முறை வந்தபோது மிச்சமிருந்தவை தலைவருடைய தாளும் அவருடைய தாளும்தான். யோசித்துவிட்டுத் தன்னுடையதையே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இருபத்தொன்பதாம் நாள் வந்தவர் தலைவர். மழைக்கவி எழுதிய தாளை மேஜையில் வைத்தார். முதல் வருஷம், முதல் வாரம், முதல் வெட்டு அவருடையதுதான்.

பழைய விளிம்புகளைப் பிரிக்காமல், ஒவ்வொரு தாளையும் அதனதன் விளிம்பின் மேலேயே ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் கரி மையால் விளிம்பில் ஒரு வரி எழுதினேன்: இதை முன்பு வெட்டியவர் இன்னார். யார் எதைக் கொண்டுவந்தார் என்பது எனக்கு மறக்காது. கரி மை ஈரத்தில் கலையாது. மேலே தாள் ஒட்டிவிட்டால் அந்த வரி வெளியே தெரியாது. தாளை ஈரத் துணி வைத்து உரித்தால்தான் தெரியும்.

வீட்டுக்காரரிடம் பசையைத் தண்ணியாகக் காய்ச்சச் சொன்னேன். இது புத்தகம் தைக்கிற பதம் இல்லையே என்றார். ஈரத் துணி பட்டாலே தாள் உரிந்துவர வேண்டும் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புத்தகம் பேழைக்குள் போனது. மன்னர் முன் திறந்து எண்ணிக் காட்டினார்கள். நாற்பதும் இருந்தது. மன்றத்தின் நேர்மைக்குச் சான்று என்று செயலாளர் ஒரு மணி நேரம் பேசினார். மழைக்கவி மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. சாவி திரும்பவும் கை மாறத் தொடங்கியது.

வரிசையின் முதல் வாரமே தலைவர் என் அறைக்கு வந்தார், தனியாக. கதவைச் சாத்தினார். மன்றத்து நூலில் உறுப்பினர்களைப் பற்றி அவதூறு எழுதியிருக்கிறாய், கோட்டையில் ஏழு வருஷம் போதாது, பதினான்கு வருஷம் தள்ளுகிறேன் பார் என்றார். பின்னால் பசைச் சட்டியில் கரண்டி நின்றது.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“எங்கங்க ஐயா எழுதியிருக்கு?”

“விளிம்பில். தாளுக்கு அடியில்.”

“தாளுக்கு அடியில இருக்கறது ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவருடைய இடது கைக்குள் ஒரு தாள் சுருட்டியிருந்தது, ஓரம் இன்னும் ஈரமாக. வெளியே கூடத்தில் யாரோ வாசிப்பு வாரத்துக்கு வாழ்த்துரை பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் தாளை மெதுவாக என் மேஜையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனார்.

வீட்டுக்காரர் கரண்டியை மறுபடி எடுத்தார். “ஒட்டணுமா? எந்தப் பதத்துல காய்ச்சட்டும்?”

“தண்ணியாவே இருக்கட்டும்” என்றேன். “இன்னும் முப்பத்தெட்டுப் பேரு வருவாங்க.”